பச்சைக் குல்லாவும் ஒற்றைக் காதும்

வெஸ்ட்மின்ஸ்டர்,
பெரிய நோன்பின் நடுவாரம்

அன்புள்ள ஏவிஸுக்கு உன் புருஷன் கிளெமன்ட் எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் மாடும் கோழிகளும் சுகமாக இருக்க மாதா துணை செய்யட்டும். இதை உனக்கு வாசித்துக் காட்டும் ஆஸ்மண்ட் சாமிக்கு என் வந்தனம். சாமி, என் எழுத்து கோழி கிளறின சாம்பல் மாதிரிதான் இருக்கும். எழுதச் சொல்லிக் கொடுத்தது நீங்கள், ஆகவே பாவத்தில் பாதி உங்களுக்கு. ஒரே ஒரு வேண்டுகோள், வாசிக்கும்போது நடுவில் இருமாதீர்கள். நீங்கள் இருமினால், சாமி ஏதோ கெட்ட சேதியை முழுங்குகிறார் என்று ஏவிஸ் நினைத்துக்கொள்வாள்.

கெட்ட சேதி ஒன்றுமில்லை. ஜெயிலில் இருக்கிறேன், அவ்வளவுதான்.

சாமி, அவளை உட்காரச் சொல்லுங்கள்.

பார்லிமெண்டுக்கு ரெண்டு பேரை அனுப்பு என்று ராஜாவின் ஓலை நம் ஊருக்கு வந்த அன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். வெக்ஸ்கம்மில் ஒருவனுக்கும் போக மனசில்லை. இரும்புக்கடை வாரினுக்கு நாலு பேரிடம் பேசத் தெரியும், அவன் சரி. கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, தடிக்கும் வரை காலால் மிதிக்கிற நான் அங்கே எதற்கு என்று கேட்டேன். "நீ போனா ராஜா ஒரு தடவையாவது சிரிப்பாருய்யா, சிரிச்ச வாயால வரி கேக்க மாட்டாரு" என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். வழியில் நாங்கள் ஓடிப்போய்விடக் கூடாது என்று ரெண்டு பேர் தங்கள் எருதுகளை ஜாமீன் வைத்தார்களே, அந்த எருதுகளைப் பார்த்தால் சொல்லு. நான் ஓடவில்லை. ஓட முடியாத இடத்தில் பத்திரமாக இருக்கிறேன்.

நடந்தது இதுதான். பார்லிமெண்ட் கூடும்போது அரண்மனை முற்றத்தில் ஒருவன் நின்று கத்துவான். இரும்புச் சட்டை போட்டு வரக் கூடாது, வாள் கூடாது, முற்றத்தில் விளையாட்டு எதுவும் கூடாது, ஒருத்தர் தலையிலிருந்து ஒருத்தர் குல்லாவைப் பறிக்கக் கூடாது. முதலில் பிரெஞ்சில் கத்தினான். பிரெஞ்சு தெரிந்தவர்கள் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். அப்புறம் நம் பாஷையில் கத்தினானாம். அதற்குள் நான் விலாங்குமீன் பணியாரம் விற்கிறவளிடம் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் முன்னால் வாரின் நிற்கிறான். முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் பச்சைக் குல்லாவோடு. அந்தத் துணியை நம் தொட்டியில் மிதித்தது என் கால், ஏவிஸ். கூட்டத்தில் உன்னைத் தெரியாமல் போனாலும் போகும், என் கால் மிதித்த துணி தெரியாமல் போகாது. ஈஸ்டர் கழிந்த செவ்வாயில் நம் ஊரில் குல்லா பறித்து ஓடுவோமே, அதே மாதிரி பின்னால் போய்ப் பறித்து, "பிடிடா பார்ப்போம்!" என்று ஓடினேன்.

வாரின் இல்லை. யாரோ ஒரு பெரிய பிரபுவின் குமாஸ்தா. தர்ஸ்டன் என்று பெயர். சனங்கள் கொடுக்கும் மனுக்களை வாங்கி உள்ளே கொண்டுபோகிறவன். குல்லா போன தலையில் வலது காது இல்லை. அடியோடு இல்லை. காதை எதற்கு அறுப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவன் ரெண்டு கையாலும் அந்த இடத்தைப் பொத்திக்கொண்டான். "திருட்டுப்பயலாடா இவன்!" என்று எவனோ சொல்ல, ஒரே சிரிப்பு. நான் அப்போதும் குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு இளித்தபடி நின்றேன். என் முகத்துக்கு வேறு வேலை தெரியாது என்பதுதான் உனக்குத் தெரியுமே.

அன்றைக்கே உள்ளே போட்டார்கள். பெரியவர்கள் ஒருநாள் கூப்பிட்டு வைதுவிட்டு அனுப்புவார்கள் என்று வாரின் சொன்னான். அதற்குள் ராஜாவுக்கு வேண்டிய வரி கிடைத்துவிட்டது. எல்லாரும் ஊருக்குப் போகலாம் என்றுவிட்டார். வாரின் கம்பிக்கு வெளியே நின்று தலையைச் சொறிந்தான். "பார்லிமெண்டுக்குச் செஞ்ச குத்தமாம்ப்பா. பார்லிமெண்ட்தான் விடணுமாம். பார்லிமெண்டு இப்ப இல்லையாம்" என்றான். எங்கே போயிற்று என்று கேட்டேன். எங்கேயும் போகவில்லையாம், இல்லையாம். ராஜா மறுபடி கூப்பிட்டால்தான் உண்டாகுமாம். இப்படிப் பூட்டினவனும் இல்லாமல் திறக்கிறவனும் இல்லாமல் ஒரு பூட்டை நான் கண்டதில்லை.

இங்கே நாற்றத்துக்கு எல்லாரும் மூக்கைப் பிடிக்கிறார்கள். ஊர் மூத்திரத்தையெல்லாம் தொட்டியில் ஊற்றித் துணி மிதித்தவனுக்கு இது என்ன? வீட்டு நினைப்புதான் வருகிறது. காவல்காரன் ஓஸ்பெர்ட் நல்லவன், என் கதைக்குச் சிரிக்கிறான், கூழில் ஒரு துண்டு மீன் சேர்த்துப் போடுகிறான்.

அடுத்த பார்லிமெண்ட் சீக்கிரம் வரும். தொட்டியை யாருக்கும் விடாதே. நான் எந்த நேரத்திலும் வந்து நிற்பேன், பீர்க்கடையிலிருந்து வருகிற மாதிரி. கதவுக்குத் தாழ் போடாதே. சாமிக்கு ஒரு முட்டை கொடு.

உன்
கிளெமன்ட்


வெஸ்ட்மின்ஸ்டர்,
மிக்கேல் சம்மனசு திருநாள் கழிந்து

அன்புள்ள ஏவிஸுக்கு,

சாமியின் கையால் நீ எழுதின கடிதம் கம்பளி வண்டிக்காரன் மூலம் வந்தது. "உன் பேச்சைக் கேட்டு தாழ் போடாமப் படுத்தேன்யா, நரி வந்து ரெண்டு கோழியத் தூக்கிட்டுப் போச்சு. நீ வருவேன்னு திறந்து வச்சா நரிதான் வருது" என்று இருந்தது. சாமி அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே எழுதியிருக்கிறார், அவருக்கு என் நன்றி. ஓஸ்பெர்ட்டிடம் வாசித்துக் காட்டினேன். ஜெயிலே சிரித்தது. கோழி போனால் போகிறது, ஒரு நாய் வளர்த்துக்கொள். தாழ் மட்டும் போடாதே.

பார்லிமெண்ட் கூடிற்று. ஆனால் இங்கே இல்லை, யார்க்கில். ராஜா ஸ்காட்டுகளோடு சண்டைக்குப் போகிற வழியில் அங்கேயே எல்லாரையும் வரச் சொல்லிவிட்டார். ஆயர்களும் பிரபுக்களும் மாவீரர்களும் வடக்கே போனார்கள். போகிறவர்களைச் சுவரில் இருக்கிற ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரையின் கால்கள் மட்டும்தான் தெரியும். ஒரு பார்லிமெண்டே எனக்கு முன்னால் நடந்து போயிற்று, ஏவிஸ், கணுக்காலுக்குக் கீழே. ஜெயிலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஓஸ்பெர்ட், "கல்லு கனமா இருக்குமேப்பா" என்று வருத்தப்பட்டான்.

இனி முக்கியமான சங்கதி. அறுவடைக் காலத்தில் ஒரு புது ஆளை உள்ளே தள்ளினார்கள். தலையில் பச்சைக் குல்லா. எழுந்து நின்று வணக்கம் சொன்னேன், வேறு என்ன செய்வது? தர்ஸ்டன்தான்.

காது இல்லாததைப் பார்த்த அன்றே அவனுடைய பிரபு அவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். என்றைக்கோ அந்த வீட்டில் காணாமல் போன வெள்ளிக் கிண்ணம் ஒன்று இப்போது எல்லாருக்கும் ஞாபகம் வந்திருக்கிறது. ஏற்கெனவே காது அறுபட்ட திருடன், கிண்ணத்தையும் அவன்தானே எடுத்திருப்பான் என்று கேஸ். பாதி வருஷம் இங்கே அங்கே ஒளிந்து திரிந்தவனைப் பிடித்து வந்துவிட்டார்கள்.

நெடுநாள் அவன் என்னோடு பேசவில்லை. எதிர்ச்சுவரில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் என் கையிருப்பில் உள்ள எல்லாக் கதையும் சொன்னேன், ஆட்டுக்கிடாவும் மடத்துத் தலைவரும் கதைகூட. மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் வாய் அசையவில்லை. கடைசியில் ஒருநாள், "உன் வீட்ல பன்னி வளக்குறீங்களா?" என்று கேட்டான். அவன் என்னிடம் பேசின முதல் பேச்சு அது. இல்லை என்றேன். "நல்லது. பிள்ளைங்க இருக்குற வீட்ல வளக்காத" என்றான்.

தொட்டிலில் கிடந்த குழந்தையின் காதைப் பெண்பன்றி தின்றுவிட்டது, ஏவிஸ். அவ்வளவுதான் அந்தக் காதின் கதை. ராஜாவிடம் மனுக் கொடுத்தால், இந்த ஆளின் காது குற்றத்துக்காக அறுத்ததல்ல என்று முத்திரை வைத்துக் காகிதம் கொடுப்பார்களாம். குதிரை கடித்தவன், சண்டையில் இழந்தவன் எல்லாரும் வாங்கி வைத்திருக்கிறார்கள். பிறத்தியார் மனுவைத் தூக்கியே பிழைத்தவன் தன் காதுக்கு ஒரு மனு எழுதவில்லை. "பன்னி தின்ன காதுன்னு பார்லிமெண்டுல நின்னு வாசிப்பாங்க. கேட்டுக்கிட்டு நான் நிக்கணுமா? ஒரு குல்லா போதும்னு நினைச்சேன்" என்றான். அந்தக் குல்லாவைத்தான் நான்.

சரி, நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவன் ஊர் ஹோல்கம். நம் மேட்டுக்காட்டுக்கு அந்தப் பக்கம். துணியும் நம் ஊர்ச் சந்தையில் வாங்கினதுதான். வாரினுக்குக் கிழித்த அதே துணிச் சுருளிலிருந்து கிழித்தது, அதனால்தான் என் கண் ஏமாந்தது. அந்தப் பன்றியை விரட்டினவர்கள் யாராவது ஹோல்கம்மில் உயிரோடு இருப்பார்கள். அவர்களைச் சாமி முன்னால் சத்தியம் செய்யவைத்து எழுதி அனுப்பு. அந்தச் சாட்சி இருந்தால் அவனுக்குக் காகிதம் கிடைக்கும். அதற்குப் பதிலாக அவன் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறான். "காதுக்குச் சாட்சி வந்துச்சுன்னா, அடுத்த பார்லிமெண்டுல நானே நின்னு, அது விளையாட்டு, மன்னிச்சுட்டேன்னு சொல்றேன்" என்றான். அடிபட்டவனே மன்னித்தால் அப்புறம் என்னை எதற்குப் பிடித்து வைப்பார்கள்? என் பூட்டுக்குச் சாவி அவன் நாக்கில் இருக்கிறது.

மழைக்கு முன்னால் போ. என் பழைய பூட்ஸைப் போட்டுக்கொள், உன் கால் பெரிய கால்தான், சரியாக இருக்கும். கோபப்படாதே.

உன்
கிளெமன்ட்


வெஸ்ட்மின்ஸ்டர்,
மெழுகுவர்த்தித் திருநாள் கழிந்து, பனி இன்னும் விடவில்லை

என் ஏவிஸுக்கு,

மாதாவின் காவல் உன் கூரையின் மேல் இருக்கட்டும். சாமி, உங்களுக்கு வந்தனம். முதல் கடிதத்தில் உங்களை இருமக் கூடாது என்று சொல்லியிருந்தேன். இந்தக் கடிதத்தில் உங்கள் இஷ்டம்.

நீ ஹோல்கம் போய்வந்த கடிதமும் சாட்சியும் கிடைத்தன. கோயில் மணியடிக்கிறவனும் கொல்லனும் சத்தியம் செய்திருக்கிறார்கள். அந்தப் பன்றியின் நிறம்கூடக் கொல்லனுக்கு ஞாபகம் இருக்கிறது, கழுத்தில் வெள்ளைப் பட்டையாம். "உன் சோலிக்கு ஒரு நாள் நடக்காத காலு, எவனோ ஒருத்தன் காதுக்காகச் சேத்துல முழங்கால் வரைக்கும் நடந்துச்சு. செத்துப்போன பன்னிக்குச் சாட்சி தேடி அலையுற பொம்பள இங்கிலாந்துல நான் ஒருத்திதான்" என்று எழுதியிருந்தாய். அதைத் தர்ஸ்டனுக்கு வாசித்தேன். சிரித்தான், ஏவிஸ். நான் அத்தனை மாதம் முயன்று முடியாததை நீ ஒரு வரியில் செய்தாய். சிரிக்கும்போது அவனுக்கு ரெண்டு கன்னத்திலும் குழி விழுகிறது. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரே வைக்கோலில் படுத்தோம். என் மனுவையும் அவன் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவனே பிரெஞ்சில் எழுதினான். "குல்லா பறிச்சேன்னு எழுதினா சிரிப்பாங்க. விளையாட்டாக் கை பட்டுச்சுன்னு எழுதுறேன்" என்றான். எனக்குப் பயமாகவே இருக்கும், அடிக்கடி கேட்பேன், மன்னித்துவிட்டாய்தானே என்று. "மன்னிச்சாச்சுய்யா, எத்தனை தடவ சொல்றது? மேல போய் பிரெஞ்சுல சொல்றேன். இங்கிலீஷ் மன்னிப்பு அங்க செல்லாது" என்பான். ஓஸ்பெர்ட்டுக்கு முன்னாலும் சொன்னான். ஆனால் ஓஸ்பெர்ட் பார்லிமெண்ட் இல்லையே.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பார்லிமெண்ட் இங்கேயே, வெஸ்ட்மின்ஸ்டரிலேயே கூடும் என்று ஓலை போயிற்று. தர்ஸ்டன் தாடியைச் சீவிக்கொண்டான். குறித்த நாள் வந்தது. பனி கொட்டிற்று, வழியெல்லாம் அடைத்துக்கொண்டது. வந்து சேர்ந்த ஆயர்கள் ஒரு பெஞ்சுக்குக்கூடப் போதவில்லையாம். இத்தனை பேரை வைத்துக்கொண்டு பேச முடியாது, திருநாள்கள் கழித்துக் கூடுவோம் என்று தள்ளிவைத்துவிட்டார்கள். ராஜாவுக்கு அது ஒரு சின்னத் தள்ளிவைப்பு.

அந்த இடைவெளியில்தான் இங்கே காய்ச்சல் வந்தது. முதலில் மூலையில் கிடந்த, காசின் ஓரத்தைச் சுரண்டி வெள்ளி எடுத்துப் பிடிபட்டவனுக்கு, அப்புறம் அவன் பக்கத்தில் இருந்தவனுக்கு, அப்புறம் தர்ஸ்டனுக்கு. குல்லாவைப் போட்டும் குளிர்கிறது என்றான். என் போர்வையைக் கொடுத்தேன். மூன்று ராஜாக்கள் திருநாளன்று காலையில் கூழ் வந்தது. அவன் பங்கையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "எழுந்திரு பிரபுவே, மீன் கிடக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கூழ் ஆடை கட்டிப்போயிற்று. ஓஸ்பெர்ட் வந்து என் தோளைத் தொட்டான்.

பார்லிமெண்ட் அதற்குப் பிறகு நன்றாகவே கூடிற்று. முற்றத்தில் கத்துகிறவன் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. இரும்புச் சட்டை கூடாது, வாள் கூடாது, விளையாட்டுக் கூடாது, பிறர் குல்லாவைப் பறிக்கக் கூடாது. இந்த முறை நம் பாஷையிலேயே எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. ஜெயிலில் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "டேய், உன்னைத்தான் கூப்பிடுறாங்க!" என்றான் ஒருவன். நான் எழுந்து நின்று குனிந்து கும்பிட்டேன். பழக்கம்.

வாரின் இந்தத் தடவையும் வந்திருந்தான், பாவம், வேறு எவனும் வர மாட்டேன் என்றிருக்கிறார்கள். ரெண்டு மனுவையும் அவனிடம் கொடுத்தேன். கடைசி நாளில் பதிலோடு வந்தான். தர்ஸ்டனுக்கு முத்திரை வைத்த காகிதம். எனக்கு என் மனுவின் முதுகிலேயே ஒரு வரி, அடிபட்டவன் நேரில் வந்து மன்னித்துச் சொல்லட்டும் என்று. அவன் செத்துவிட்டான் என்று வாரின் சொன்னானாம். "அப்படின்னா அவன் வாரிசு அடுத்த பார்லிமெண்டுக்கு வரட்டும்" என்றார்களாம். அவனுக்கு யாரும் இல்லை. அதையும் வாரின் சொன்னானாம். அதற்குள் அவர்கள் வேறு மனுவை எடுத்துவிட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்கிறான் வாரின், மனுக்கள் வைக்கோல்போர் மாதிரிக் குவிந்து கிடந்தனவாம்.

அடுத்தது எப்போது, எங்கே என்று ராஜாவுக்கே தெரியாது.

தர்ஸ்டனுடைய காகிதத்தை இந்தக் கடிதத்தோடு வாரின் கையில் அனுப்புகிறேன். மெழுகு உடையாமல் வைத்துக்கொள். ஹோல்கம் தர்ஸ்டனின் வலது காது, அவன் தொட்டிலில் கிடந்த காலத்தில் பன்றி கடித்துப் போனதேயன்றி, எந்தக் குற்றத்துக்காகவும் அறுக்கப்பட்டதல்ல என்று எல்லாரும் அறிவீர்களாக. இப்படித்தான் இருக்கிறதாம், வாரின் ஒருவனைப் பிடித்து அர்த்தம் கேட்டு வந்து சொன்னான். சாமி, உங்களிடம் ஒரு மன்றாட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோல்கம் கோயிலுக்குப் போய், பூசை முடிந்து சனங்கள் கலையும் முன்னால் அதை வாசியுங்கள். நம் பாஷையில் வாசியுங்கள், மெதுவாக. பன்றி என்ற இடத்தில் யாராவது சிரித்தால் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசியுங்கள். சிரிக்கிறவர்களை எனக்குத் தெரியும், நானும் அவர்களில் ஒருவன்தான்.

குல்லாவை அனுப்பவில்லை. ஓஸ்பெர்ட் அதை எனக்கே கொடுத்துவிட்டான். இங்கே குளிர் அதிகம், நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். நல்ல துணி, ஏவிஸ். எத்தனை மழை பட்டும் சுருங்கவில்லை. மிதித்தவன் கெட்டிக்காரன். இங்கே யாரும் அதைப் பறிப்பதில்லை.

நீ புறப்பட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வராதே. வழியெல்லாம் சேறு, என் பூட்ஸும் தேய்ந்திருக்கும். வந்தாலும் ஓஸ்பெர்ட் உன்னை உள்ளே விட மாட்டான், விடக் கூடாது என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அவனே இப்போது கூழைக் கதவோரம் வைத்துவிட்டு வாயைத் துணியால் பொத்திக்கொண்டு போகிறான். என் எழுத்து இந்தப் பக்கத்தில் இன்னும் மோசமாக இருந்தால் சாமி மன்னிக்கட்டும். குல்லாவைப் போட்டும் குளிர்கிறது.

தொட்டியை உன் தம்பி ரால்ஃபிடம் விடு. அவன் சோம்பேறி, ஆனால் கனமானவன், துணிக்கு அது போதும். துணி நன்றாகத் தடிக்கும் வரை இறங்க விடாதே, பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டே இரு, உனக்குப் பழகினதுதான். அந்த ஜாமீன் எருதுகளுக்கு ஒரு கை புல் போடு. நாய்க்குட்டிக்கு என் பெயரை வைத்திருக்கிறாயாமே, சாமி ஓரத்தில் எழுதியிருந்தார். நல்லது. கூப்பிட்டால் அதாவது வரட்டும்.

சர்வேசுரன் உன்னை ஆசீர்வதிக்கட்டும், ஏவிஸ். உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். இன்னும் நாலு கோழி வாங்கு. ராத்திரியில் காற்று வடக்கே இருந்து வருகிறது, நரியும் பசியோடு திரியும். இனிமேல் கதவுக்கு நன்றாகத் தாழ் போட்டுக்கொண்டு தூங்கு.

உன்
கிளெமன்ட்